மைக் அணையாத திருவிழா

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் டோலக் வாசித்தவன் நான். வாசித்தேன் என்று நான் சொல்வேன். அடித்தேன் என்று ஊர் சொல்லும். குழுவில் உண்மையாகவே பாடத் தெரிந்தவர் ரப்பர் பால் வெட்டும் ஓர் அக்கா மட்டும்தான். காதல் பாட்டைக் கொடுத்தாலும் அடிவயிற்றிலிருந்து இழுத்து இழவுப் பாட்டாக்கிவிடுவார். "யக்கா, செத்தது யாரு? குத்துப்பாட்டு போடுக்கா!" என்று கூட்டம் கத்தும். நானோ அடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்காவின் புருஷனுக்கு அந்தக் குரல் ஆகாது. அவர் சோகமாகப் பாடினால் ஊரே தன்னைத் திரும்பிப் பார்க்கிறது என்பது அவன் குறை. "இனி மேடையேறுன, தாடைய ஒடைச்சிருவேன்" என்று லயத்து வீடுகளின் வாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான்.

அந்த வருஷம் பகல் பூசை முடிந்ததும் அக்கா மேடையேறினார். கழுத்தில் அவன் விரல் தடம். பாதிப் பாட்டில் அவன் ஏறிவந்து, முடியைப் பிடித்து மடப்பள்ளிக்குள் இழுத்துப் போனான். மைக்கும் அவர் கையோடு போயிற்று. கீழ் டிவிஷனுக்கும் சாமி பாட்டு கேட்கவேண்டுமென்று குழாய் ஸ்பீக்கரை ரப்பர் மரத்து உச்சியில்தான் கட்டுவோம். அன்று கீழ் டிவிஷனுக்கு அறை கேட்டது.

"பாடுவியா? இனி பாடுவியா?"

"பாடுவேன்."

மறுபடி அறை. மறுபடி "பாடுவேன்." பிறகு ஏதோ முறியும் சத்தம், மரத்து உச்சி ஸ்பீக்கரில்.

நான் வீரமாக ஓடினேன். வாசலிலேயே அவன் முழங்கை என் மூக்கை உடைத்தது. விழுந்து கிடந்த என்னை மிதித்துக்கொண்டுதான் மற்றவர்கள் உள்ளே போய் அவனை அடித்து மடக்கினார்கள். படியாகக் கிடந்ததே என் பங்களிப்பு.

கேகாலை ஆஸ்பத்திரியில் அக்காவின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சோடு பார்க்கப் போனேன். அவருடைய மாமியார் கட்டிலோரம் நின்றிருந்தார்.

"பொலிஸ்ல அவன் மேல போட்ட என்ட்ரிய வாபஸ் வாங்கிரு தாயி. பாட்டு இல்லாம குடும்பம் நடக்காதா? இனிமே பாடலனு தலைய மட்டும் ஆட்டு. அவன் திருந்திருவான்."

அக்கா தலையாட்டவில்லை. கம்பிக்குள்ளேயே முனகத் தொடங்கினார். வலியாக்கும் என்று நான் நர்ஸைக் கூப்பிட்டேன். என் இசை ஞானம் அவ்வளவு. அது பாட்டு. நான் அதுவரை கேட்டிராத புதுப் பாட்டு. மாமியார் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முனகல் முடிந்ததும், பக்கத்துக் கட்டிலின் சிங்கள அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்து, "தவ எகக்" என்றார். இன்னொன்று.