இடுப்புத் துணியைப் பிடிக்க ஆள்

சினிமாவில் நான் எத்தனை தடவை செத்தேன் என்பது எனக்கே நினைவில்லை. ஈட்டி பாய்ந்து செத்திருக்கிறேன், குண்டடி பட்டுச் செத்திருக்கிறேன். ஒரு படத்தில் கதாநாயகன் தூக்கி வீசிய இன்னொரு பிணம் மேலே விழுந்து செத்தேன். முகத்தில் கரி, தலையில் கோழி இறகு, இடுப்பில் கிழிந்த சாக்கு, இதுதான் என் வேஷம். எனக்குத் தமிழ் நன்றாக வரும், தெலுங்கும் வரும். ஆனால் எனக்குக் கொடுத்த வசனம் "ஊ, ஊ" என்பதுதான். அதற்கும் பிறகு வேறு யாரையோ வைத்துக் குரல் கொடுத்துக்கொண்டார்கள்.

நான் இருளர் சாதிக்காரன். திருத்தணியிலிருந்து திருவாலங்காடு போகிற பக்கம், ஒரு ஏரிக்கரையில் எங்கள் குடிசைகள் இருந்தன. எலி பிடிப்போம், பாம்பு பிடிப்போம், கரும்பு வெட்டப் போவோம். ஊரில் எது காணாமல் போனாலும் போலீஸ்காரர்கள் நேராக எங்களிடம்தான் வருவார்கள். பெரிய வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் காணவில்லை என்று என் நைனாவை இழுத்துப்போய் அடித்ததில் அவருக்கு ஒரு காது செவிடாகிவிட்டது. மோட்டார் பிறகு அவர்கள் வைக்கோல் போருக்குப் பின்னாலேயே கிடைத்தது. நைனாவின் காது கிடைக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் மலையடிவாரத்துக்கு ஒரு படக்கம்பெனி வந்தது. பாம்பு விட ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். சண்டை மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாம்பை வேற யார்கிட்டயாவது குடு. நீ ஈட்டியைப் புடி" என்றார். அப்படித்தான் நடிகனானேன். அதன்பிறகு ரயிலேறிச் சென்னைக்குப் போவதும் செத்துவிட்டுத் திரும்புவதுமாகச் சில வருஷங்கள் ஓடின.

சினிமாச் சண்டையில் அடி படாது என்பார்கள். கதாநாயகனுக்குப் படாது, எங்களுக்குப் படும். ஒருமுறை கதாநாயகனின் குத்து தப்பி என் வாயில் இறங்கிப் பல் ஒன்று உடைந்தது. டைரக்டர் "டேக் ஓகே" என்றார். பல்லைத் துப்பிவிட்டு, வேறு இறகு சொருகிக்கொண்டு, அடுத்த ஷாட்டில் வேறு காட்டுவாசியாக வந்து அதே ஆளிடம் மறுபடி அடிவாங்கினேன்.

எங்கள் பக்கத்து டெண்ட் கொட்டாயில் அந்தப் படம் ஓடியபோது நான் அடிவாங்கும் இடத்தில் விசில் பறந்தது. படம் விட்டதும் பெரிய வீட்டு மகன் என் தோளைத் தட்டாமல், தள்ளி நின்றே சொன்னான். "உன்ன எவன் அடிச்சாலும் பாக்க நல்லாத்தான்டா இருக்குது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் கூத்து வாத்தியார் என் குடிசைக்கு வந்தார். அம்மன் கோயில் கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு மஞ்சள்காமாலை.

"ராஜா வேஷம் நீ கட்றியா?"

"ஊர்ல வுடுவாங்களா வாத்தியாரே?"

"சினிமாக்காரன் கட்றான்னா கூட்டம் வரும்னு ஒத்துகினாங்க. பாட்டு வரும்ல?"

"ஆங், எல்லாம் பாடம்."

அவர் போனதும் அழுதேன். ராஜாவுக்குக் கிரீடம் உண்டு, புஜகீர்த்தி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு உண்டு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஜனங்கள் முன்னால் பேசிவிட்டுச் சாக வேண்டும் என்று இருந்தது.

கடைசி நாள் காலையில் நடப்பது படுகளம். களத்தில் ராஜாவை மண்ணால் மல்லாக்கப் பெரிதாகச் செய்து கிடத்தியிருப்பார்கள். அதைச் சுற்றி ராஜாவும் எதிரியும் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போடவேண்டும். தொடையில் அடிபட்டு ராஜா விழுந்த பிறகுதான் மண்தொடைக்குள் புதைத்த செந்நீர்ச் சட்டியை உடைப்பார்கள். அதைத் தொட்டுத்தான் அம்மன் வேஷக்காரர் விரித்த கூந்தலை முடிவார். கூந்தல் முடியாமல் சாயங்காலம் தீமிதி கிடையாது.

சண்டையில் ஆவேசம் வந்து யாரும் யாரையும் கொன்றுவிடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு உண்டு. வேஷக்காரர்களின் இடுப்பில் நீளத் துணி கட்டி, பின்னால் இரண்டிரண்டு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். எதிரி வேஷம் வேண்டுதலாகப் பெரிய வீட்டுக்கே உரியது. அந்த வருஷம் கட்டியது மகன். அவன் துணியை அவனுடைய பங்காளிகள் இருவர் பிடித்தார்கள். என் துணியைப் பிடிக்க ஊரில் ஒருவரும் வரவில்லை. இருளன் இடுப்பில் கட்டிய துணியை எவன் தொடுவான்? கடைசியில் என் அக்கா புருஷன் முன்னால் வந்தார். "நான் ஒருத்தனே புடிக்கிறேன், போ" என்றார் பாவா.

மத்தளம் அதிர்ந்தது. நான் பேசினேன். தம்பிகளை இழந்த ராஜாவின் பேச்சு அது. களம் அடங்கிப் போயிற்று. வயதான ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். பெரிய வீட்டு மகன் அதைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஆவேசம் வந்தவன் கண் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணில் வெறும் கோபம்தான் இருந்தது.

அவன் பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு துணியை விட்டுவிட்டார்கள்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் கிரீடம் பறந்து, நெற்றி பிளந்து, கண்ணில் ரத்தம் வழிந்தது. மூன்றாவது தொடையில். எலும்பு முறியும் சத்தத்தைச் சினிமாவில் பெரிதாகச் சேர்ப்பார்கள். உண்மையில் அது கரும்பை முறிக்கிற சத்தம்தான்.

எல்லோரும் நான் விழக் காத்திருந்தார்கள். நான் விழவில்லை. கதையை மண்ணில் ஊன்றிக்கொண்டேன். பாவா பின்னாலிருந்து துணியைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்தார். மத்தளக்காரர் அடித்துக்கொண்டே வாத்தியாரைப் பார்த்தார். விரித்த தலையோடு அம்மன் வேஷக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"வுழுந்துடுப்பா, காலு போயிடும்" என்றார் வாத்தியார்.

"காலு போயிடுச்சி வாத்தியாரே."

வெயில் ஏறியது. பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "அம்மா தலைய விரிச்சி நின்னுகினு கீறா. ஊருக்கு ஆவாது." பெரிய வீட்டுக்காரரே எழுந்து களத்துக்குள் வந்தார்.

"இன்னாடா வோணும் உனுக்கு?"

எனக்கு நாக்கு குழறியது. ஆனாலும் சொன்னேன். "துணிய வுட்டாங்களே ரெண்டு பேரு, அவங்க வந்து என்னப் புடிக்கணும். புடிச்சிப் படுக்க வெக்கணும். அப்பத்தான் ராஜா சாவாரு."

மகன் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டு மறுபடியும் கதையை ஓங்கினான். பெரிய வீட்டுக்காரர் திரும்பி அவன் கன்னத்தில் அறைந்தார். என் மேல் இரக்கப்பட்டு இல்லை, தீமிதி நின்றுவிடுமே என்ற பயத்தில். பங்காளிகளின் பிடரியைப் பிடித்து என் பக்கம் தள்ளினார். "புடிங்கடா."

பிடித்தார்கள். அக்குளில் கை கொடுத்து, என் ரத்தம் அவர்கள் மார்பில் ஒழுக, மண் ராஜாவின் மேல் என்னைக் கிடத்தினார்கள். வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் சட்டி உடைந்து, செந்நீர் என் முதுகை நனைத்தது. கூந்தல் முடிந்தாயிற்று.

கேஸ் கொடுக்கச் சொன்னார்கள் சிலர். எங்கள் ஆள் தன் காலால் ஸ்டேஷனுக்கு நடந்து போன வழக்கமில்லை, எனக்கோ காலே இல்லை. எலும்பு கோணலாகக் கூடி, கால் குட்டையாகிவிட்டது. அடுத்த வருஷம் ராஜா வேஷம் பழைய ஆளுக்கே போனது.

மழைக்காலம் முடிந்து கம்பெனி ஆள் ஒருவர் தேடி வந்தார். நான் நொண்டுவதைப் பார்த்து அவருக்கு உற்சாகம்.

"கதையில ஒரு நொண்டிக் காட்டுவாசி இருக்கான். கத்திக்கிட்டே சாகணும். உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு."

"வசனம் இருக்குதா சார்?"

"உனக்கெதுக்குய்யா வசனம்? ஊ, ஊதான்."

"அப்ப வோணாம் சார்" என்றேன். "நான் பேசிட்டுச் செத்துட்டேன்."