மாமா திறந்து மூடிய ஏழு வீடுகள்

மாதக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போது முதலில் முகத்தில் படுவது ஒரு குளிர்; வெளியே ஜூலை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து பழைய சவர்க்காரமும் எலிப் புழுக்கையும் ஈரம் ஊறிய சுவர்த்தாளும் கலந்த மூச்சொன்று மெல்ல வெளியே வரும். ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாப் பகுதியின் அடுக்குமாடியொன்றில், மேல்வீட்டுக் காலடிச் சத்தத்துக்கும் கீழ்வீட்டுக் குழம்பு வாசத்துக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு, ஆளில்லாமைக்கும் ஒரு மணம் உண்டென்று பத்து வயதுவரை தெரியாது.

அந்தக் கோடை விடுமுறைக்கு அம்மா என்னைக் கனடாவுக்குக் கூட்டிப்போனார். வகுப்பு முழுவதற்கும் ரொறொன்ரோ என்று பீற்றிவைத்திருந்தேன். போய் இறங்கியதோ சஸ்காச்சுவான் சமவெளியில், அம்மாவின் அண்ணா பெற்றோல் நிலையமும் கடையும் ஒன்றாக நடத்திவந்த ஒரு கிராமசபைப் பிரிவில். வரைபடத்தில் அது ஒஸ்லோவைவிடப் பெரிது, நம்புங்கள்; ஆட்களை எண்ணினால் எங்கள் கட்டடத்தின் இரண்டு வாசல்களின் வீடுகளை நிரப்பவும் காணாது. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோலச் சரளைத் தெருக்கள், அவற்றின் ஓரத்தில் மைலுக்கு ஒன்றாய் வீடுகள், அவற்றிலும் பாதி வெறுமை.

அந்த வெறும் வீடுகளில் ஏழின் சாவிகள் மாமாவிடம் இருந்தன. நகரங்களுக்குப் போனவர்கள், ஊரிலே மிஞ்சியிருந்த ஒரே கடைக்காரர் மாமா என்பதால், போகிற போக்கில் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஞாயிறு பின்னேரங்களில் மாமா என்னையும் தன் மகள் ஜெனியையும் 'பிக்கப்' வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார். யன்னல்களைத் திறப்பார், எலிப்பொறிகளை வெறுமையாக்குவார், பச்சைக் கூரை வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்.

"வீட்டுக்குக் காத்துப் போகவேணும் பிள்ளை. இல்லாட்டி, அதுகள் திரும்பி வந்து துறக்கேக்கை மனம் விட்டுப்போகும்."

போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் மாமாவின் வீட்டாரும் அப்படித்தான் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, 'ரெண்டு மூண்டு நாளிலை வருவம்' என்று சொல்லி வள்ளம் ஏறியவர்கள். சாவி தருகிறவர் திரும்பி வருவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

மாமிக்கோ பொறுமை எல்லை தாண்டியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் மூடப்பட்டதால் ஜெனி குளிர்காலத்தில் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டும். அடுத்த வகுப்புக்கு முன் ரொறொன்ரோவுக்குப் போய்விட வேண்டும் என்று மாமி நாள்தோறும் கேட்டார்.

"உவருக்கு ஊரிலை விட்டிட்டு வந்த ஒரு வீட்டைப் பாக்க வக்கில்லை. இஞ்சை வெள்ளைக்காரன்ரை ஏழு வீட்டுக்குக் காவல்!"

"நம்பித் தந்த சனத்துக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்பார் மாமா. அதற்குமேல் பேச்சு நகராது.

"அப்பா பேயளுக்கு வாடகை வாங்காத வீட்டுக்காரன்," என்று ஜெனி என் காதில் சொல்வாள். நான் சிரிப்பேன்; ஆனால் அந்த வீடுகளுக்குள் அவளும் நானும் கையை விடாமல்தான் நடப்போம்.

ஒரு நாள் சபை அலுவலகப் பெண்மணி கடைக்கு வந்து, பச்சைக் கூரை வீட்டுச் சாவியைக் கேட்டார். சொந்தக்காரர் வீட்டைச் சபைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். சனிக்கிழமை தீயணைப்புப் பயிற்சிக்காக அதை எரிக்கப்போகிறார்களாம். அவர்களுக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே மாமா, சொந்தக்காரர் குடியேறியிருந்த கல்கரிக்குத் தொலைபேசி எடுத்தார். சொந்தக்காரர் நல்ல மனுசன், அன்பாகத்தான் பேசினார்: "அந்தச் சாவியை இன்னுமா வைத்திருக்கிறாய்? எப்போதோ எறிந்திருப்பாய் என்றல்லவா நினைத்தேன்!"

ஆறு வருடம் தூசி தட்டிய மாமா, தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் பால் பெட்டிகளை அடுக்கினார், குலைத்தார், மறுபடி அடுக்கினார்.

சனி காலை ஊரே வந்தது. ஊர் என்றால் ஒரு இருபது பேர். மடக்குக் கதிரைகளும் வெண்ணெய் தடவிய பாணும் கொண்டு, சுற்றுலாவுக்கு வந்ததுபோல. ஆள் பற்றாத இடத்தில் எல்லோரும் தீயணைப்புத் தொண்டர்கள்தான். மாமாவும் அந்தக் கனத்த மேலங்கியோடு நின்றார். கொளுத்துமுன் ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு அறையிலும் ஆளிருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அறைகள் எல்லாம் தெரிந்தவர் என்று அவரையே அனுப்பினார்கள்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது, தமிழில்.

"ஆரும் இருக்கிறியளோ?"

பிறகு, அடுத்த அறை. "ஆரும் உள்ளுக்கை இருக்கிறியளோ? வெளியாலை வாங்கோ." மறுமொழி வரவேண்டிய அளவு நேரம் ஒவ்வோர் அறையிலும் காத்துநின்றார். எங்களைத் தவிர யாருக்கும் மொழி விளங்கவில்லை; ஆனாலும் பாண் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாடியறையில் அவர் கூப்பிட்டது மூன்று பெயர்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவை தீவில் நின்றுவிட்டவர்களின், பிறகு சேதியே வராதவர்களின் பெயர்கள் என்பதை நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன்.

வெளியே வந்து, "ஒருத்தரும் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லித் தண்ணீர்க்குழாயைப் பிடித்தார். வீடு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது, தலை நிமிராமல், "கடையை விக்கிறதெண்டு அறிவிச்சிட்டன்," என்றார். இத்தனை காலம் அதையே கேட்டுவந்த மாமி, கறிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதார்.

ஜெனி ரொறொன்ரோவில் படித்து இப்போது பல் வைத்தியர். நான் ஒஸ்லோவிலேயே, ஹொல்ம்லியாவில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் செய்மதிப் படங்களைத் துழாவுவது என் வியாதி. போன கிழமை அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். ஏழில் ஒன்றும் இல்லை, கடையும் இல்லை, சில தெருக்களையே உழுதுவிட்டிருக்கிறார்கள். ஆர்வம் தாங்காமல் மாமாவுக்கு உடனே எடுத்தேன். ரொறொன்ரோவில் அவருக்கு அப்போது நடுச்சாமம் என்பதுகூட நினைவில்லை.

"மாமா, உங்கடை ஊரைப் படத்திலை பாக்கிறன்!"

"எந்த ஊர்?"

சஸ்காச்சுவானில் கடை வைத்திருந்த ஊர் என்றேன். வீடுகள் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அங்கை மழை பெய்ஞ்சதோ?"

அந்தச் சமவெளியின் வானிலையைத் தேடிப் பார்த்தேன். "ஓம் மாமா. நேற்று நல்ல மழை."

"நல்லது," என்றார்.

அந்த ஆளில்லாத இடத்தில் மழை யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.