முருகனுக்குப் பின்னால் இருப்பது பிரான்ஸ்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

வேலை நிமித்தம் பிரான்சில் இருந்தபோது, ஒரு விடுமுறையில் மலைக் கிராமங்கள் வழியாகச் சைக்கிளில் சுற்றினேன். எந்த மேட்டிலும் இறங்கித் தள்ளவில்லை. உச்சியில், பழைய கோட்டைச் சுவருக்குள் கல்வீடுகள். அவற்றின் முன்னால் சைக்கிளோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் என் மைத்துனர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கிப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்னையும் சைக்கிளையும் வெட்டிவிட்டு, அங்கே மயில் மேல் முருகனை உட்கார வைத்துவிட்டார்.

இன்று சாத்தூர் டீக்கடையில் அந்தக் காலண்டர் தொங்கியது. "இது எந்த ஊரு?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"பளனி அண்ணாச்சி. இதுகூடத் தெரியாம இருக்கீக?"

"இது பிரான்ஸ். இந்த மேட்டுல நான் சைக்கிள் மிதிச்சு ஏறியிருக்கேன்."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அம்புட்டு மேட்டுக்கும் சைக்கிளா? முருகன் வெவரமா மயில்ல போயிட்டாரு பாருங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். ஏறியது என் கால்கள்தான். உங்கள் வீட்டு முருகனுக்குப் பின்னாலும் கல்வீடுகள் தெரிந்தால் எழுதுங்கள். எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்று சொல்கிறேன்.

இதன் கீழே என் பெயரை மட்டும் போடப் போவதில்லை. என் மனைவி தினமும் சூடம் காட்டுவது அந்தப் படத்துக்குத்தான்.