குந்தியிருக்கிறவன்

போன கிழமை முழங்கால் வீங்கி டொக்டரிடம் போனபோது, என்ன செய்தாய் என்று கேட்டார். "குந்தினேன்" என்பதற்கு இத்தாலியன் சொல் வாயில் வராமல் நடித்துக் காட்டப் போனேன். மனுசன் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார். இந்த வயதில் ஏன் குந்தினாய் என்று அவர் கேட்கவில்லை, நல்லகாலம். உங்களுக்குச் சொல்கிறேன், ஆனால் சிரிக்கக்கூடாது.

எங்கட சனத்தை விட்டுப்பார்த்தால், இந்தப் பலெர்மோ நகரில் ஒழுங்காகக் குந்தத் தெரிந்த ஆள் ஜப்பான் சினியோரா, அதுதான் ஜப்பான்கார அம்மா, ஒருவர்தான். கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில் இருந்தார். நான் துப்புரவு வேலைக்குப் போன வீடுகளில், வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்ன ஒரே வீடு அது. உள்ளே கால் வைத்தால் ஈர மரமும் மையும் கலந்த மணம். மழை பெய்து ஓய்ந்தபின் பழைய மரக்கதவு ஒன்றைக் கடந்தால், இப்போதும் அந்த மணம் மூக்கில் ஏறும்.

மரத்தில் சிலை செதுக்குவார். பலகையில் உருவம் வெட்டி, மை பூசி, மேலே தாளை விரித்துக் கையாலேயே தேய்த்து அச்செடுப்பார். எல்லாம் நிலத்தில் குந்தியபடி, மரத்தைப் பாதத்தால் அமத்திக்கொண்டுதான். ஊருக்குப் போகும் எண்ணம் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "அங்கே என் சிலையைப் பார்க்க வந்தவர்கள், பெண்தானே என்று என்னிடம் தேநீர் கேட்டார்கள்" என்றார்.

நானும் குந்தித்தான் மரச்சீவல் கூட்டுவேன். வேறொரு சினியோரா நான் குந்தியதைக் கண்டு வயிற்றுவலி என்று நினைத்துக் கமொமில்லாப் பூவை அவித்துக் கொண்டுவந்தவர்! ஜப்பான் சினியோரா மட்டும், "அப்படியே இரு" என்றார். குந்தியிருப்பதற்கும் சம்பளம், பாருங்கோ. அந்த மாரி முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்து ஒரு சிலையும் ஒரு அச்சுப் படமும் செய்தார். விரிந்த கால்விரல், பக்கத்தில் விளக்குமாறு, எல்லாம் அச்சொட்டாக நான். மற்ற வீடுகளில் வாலும் தலையும் வெட்டிக் கூப்பிட்ட என் நீட்டுப் பெயரை, இவர் பலநாள் சொல்லிப் பழகி, படத்தின் கீழே பென்சிலால் முழுதாக எழுதினார்.

கண்காட்சி வைத்தார். அந்த நேரம்தான் எனக்குக் கலியாணப் பேச்சும் நடந்தது. கலைக்கூடத்தில் வேலை என்று பெண் பகுதிக்குச் சொல்லி வைத்திருந்தேன். பெண்ணின் மாமா இதே நகரில் பிரான்காச்சோப் பக்கம் இருந்தார், கண்காட்சியைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். மேசை தூக்க வந்த மன்னார்ச் சிநேகிதன் படத்தைக் கண்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், இதென்ன கக்கூசுக்கு இருக்கிற மாதிரிக் கிடக்கு! பேரும் போட்டுக் கிடக்கெல்லோ!"

மாமாவும் இதைத்தானே பார்க்கப்போகிறார் என்று எனக்குக் கூசியது. நேரே சினியோராவிடம் போய், பெயரை அழிக்கச் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "உன்னைப் போல இல்லையா?" என்று கேட்டார்.

என்னைப் போலவே இருப்பதுதான் பிரச்சினை என்று சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன். அவர் அழிறப்பர் எடுத்துப் பெயரை அழித்துவிட்டு, சரியாகச் செய்யாததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கத்தில் காது சுடுகிறது.

மாமா வந்தார், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "இதுகளை ஆர் தம்பி வாங்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கலியாணம் ஒப்பேறியது. ஆனால் "அப்படியே இரு" என்று சினியோரா பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அவர் இறந்து பல வருடமாகிறது. அந்த வீட்டில் இப்போது சுற்றுலாக்காரருக்கு அறை விடுகிறார்கள், சூட்கேசை உருட்டிக்கொண்டு சப்பாத்தோடேயே உள்ளே போகிறார்கள்.

அவருடைய வேலைகளை வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு கலைக்கூடத்தில் வைத்திருப்பதாகச் சொல்லி, டொக்டரிடம் போக முந்தின ஞாயிறு மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சிலையைக் காணவில்லை, எங்கே போனதோ. படம் மட்டும் சுவரில் இருந்தது. பக்கத்து அட்டையில் "பெயர் தெரியாத மனிதன்" என்று போட்டிருந்தார்கள்.

"பிள்ளை, இது அப்பா."

அவள் படத்தைப் பார்த்தாள், என் வண்டி வயிற்றைப் பார்த்தாள். "மா நோ, சும்மா போங்கோ அப்பா! உங்களைப் போல இல்லையே!"

"பொறு, காட்டிறன்" என்று குந்தினேன். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மகள் கத்த, காவலாளி கதிரையோடு ஓடிவந்தான். அதில் இருந்துகொண்டு, படத்தின் கீழே பெயர் இருந்த இடத்தை உற்று உற்றுப் பார்த்தேன். பென்சில் அழுத்திய தடம்கூட இல்லை. எந்த வேலையையும் சினியோரா அரைகுறையாக விட்டதில்லை.