ஓதின தண்ணியும் ராத்தாவின் பிரஷரும்

போன கிழமை என் மூத்த சகோதரி ராத்தாவுக்குப் பித்தப்பைக் கல் ஒபரேஷன். தியேட்டருக்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து பிரஷர் எகிறிவிட்டது. போன மாதமும் இதே கதைதான்... பிரஷர் கூடி, திகதி தள்ளிப்போய், வலியோடு வீடு திரும்பியவர். இந்த முறையும் இறங்காவிட்டால்?

ராத்தாவிடம் அதற்கும் மருந்து இருந்தது. சாய்ந்தமருது மௌலவி ஒருவரிடம் குர்ஆன் ஓதி வாங்கிய தண்ணீர்ப் போத்தல். அது என் கையில்.

"தம்பி, ஒரு மிடறு தா. குடிச்சாத்தான் உள்ள போவன்."

"குடிச்சா ஒபரேஷனே இல்ல ராத்தா. வெறும் வயிறா இருக்கணும் எண்டாங்கதானே?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓதிப் பார்ப்பதை நம்பாதவன் அல்ல நான். ஆனாலும் கோபம் வந்தது — தண்ணீர் மேலா, ராத்தா மேலா, தெரியவில்லை.

வார்ட்டில் நின்ற தாதி வீரமுனை ஊர்த் தமிழ்ப் பிள்ளை. போத்தலைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார்.

"குடிக்கத்தான் ஏலாது. முகத்துல தடவலாம்தானே?"

பஞ்சை நனைத்து நெற்றி, கன்னம், கை என்று துடைத்துவிட்டார். காலுக்கு வந்ததும் ராத்தா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கால்ல வேணாம் மிஸ். ஓதின தண்ணி."

"ஓம், எனக்குத் தெரியாமப் போச்சு." தாதி பஞ்சை வைத்துவிட்டு ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூச்ச மெதுவா இழுத்து விட்டு, நீங்க ஓதுறத ஓதுங்க."

கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. ராத்தாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

எது இறக்கியது? தண்ணீரா? மூச்சா? அந்தப் பிள்ளையின் கையா? தாதியிடமே கேட்டேன்.

"காலையில பிரஷர் குளிசையும் குடுத்தம்தானே?"

சரி, குளிசைதான் என்று நிம்மதியானேன். விட்டாரா?

"ஆனா... போன முறையும் அதே குளிசைதான் குடுத்தது" என்று இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மௌலவிக்கு போன் எடுத்தேன். "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். மருந்த மட்டும் விட்டுடாமக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். ஆஸ்பத்திரி ஓதச் சொல்கிறது, மௌலவி மருந்து குடிக்கச் சொல்கிறார். நீங்களே சொல்லுங்கள், நான் யாரைக் கேட்பது?

தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம்தான், வேறென்ன? எனக்கு இருப்பது ஒரேயொரு ராத்தா.

பின்னேரம் வார்ட்டில் கண் விழித்தவர் முதலில் கேட்டது ஒன்றுதான். "தம்பி, என்ட தண்ணி எங்க?"

போத்தலைத் தூக்கிக் காட்டினேன். காலி. அந்தக் கதவு திறக்கும்வரை மிடறு மிடறாக நானே குடித்து முடித்திருந்தேன்...

வெளியில் இருப்பவர்களின் பிரஷரை யாரும் பார்ப்பதில்லையே.