தறி நின்றால் கேட்கும் குரல்

அம்மாவும் பெரியம்மாவும் போனில் பேசினால் எது யார் குரல் என்று தெரியாது. அப்பாவே ஏமாந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா ஒருநாள் போனை எடுக்க, அம்மா என்று நினைத்து ஏதோ கொஞ்சிப் பேசி மாட்டிக்கொண்டார். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

நான் நாலாவது படிக்கும்போது அப்பா போனார். ஒன்பதாவதில் அம்மாவும், பதினோரு நாள் காய்ச்சலில். காரியம் முடிந்த மறுநாள் பெரியம்மா என்னைச் சூலூருக்குக் கூட்டிவந்தாள். கூட்டிவர வேறு ஆளில்லை, அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. "கல்லு மனசு" என்று பஸ்ஸிலேயே சொன்னாள். அம்மாவின் குரலில் சொன்னாள்.

வீட்டை ஒட்டிப் பெரியப்பாவின் விசைத்தறிக் கொட்டகை. ராத்திரி பகல் என்றில்லாமல் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அவர்களுக்குக் கடை அரிசி, எனக்கு ரேஷன் அரிசி, தனிக் குக்கரில். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வருஷங்களில் எதுவுமே படவில்லை. "பெத்தவளையும் முழுங்கிப்போட்டு இங்க வந்து நிக்கற" என்று அவள் ஆரம்பித்தால், சொல்லை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கரண்ட் போனால் தறி நிற்கும். பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பெரியம்மா போன் போடுவது அப்போதுதான். நான் நூல் வைக்கும் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

"சாப்டியா கண்ணு? தலைக்கு எண்ண வெச்சியா? வெயில்ல போவாத சாமி."

சாப்பிட்டேன் என்று சத்தமில்லாமல் வாயசைப்பேன். எண்ணெய் வைக்காவிட்டாலும் வைத்தேன் என்பேன். மாதாந்திர மின்தடை என்று பேப்பரில் வரும் தேதியைப் பார்த்து வைத்து, வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டதும் உண்டு.

பதினொன்றாவது படிக்கும்போது பெரியப்பாவின் பழைய போன் எனக்கு வந்தது. ஒரு மின்தடை மத்தியானம் அதில் பதிவை ஓடவிட்டு, ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தேன். மகளிடம் பேசிக்கொண்டே வந்த பெரியம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே வைத்துவிட்டாள்.

"நான் பேசறத எதுக்குப் புடிக்கற? போலீசுக்குக் குடுக்கவா?"

அதற்கு முந்தின வாரம்தான் குழந்தைகள் உதவி எண் அச்சிட்ட தாளைப் பள்ளியில் கொடுத்திருந்தார்கள். அது என் பையில் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. "இல்லீங்க பெரியம்மா" என்பதற்கு மேல் நான் சொல்லவில்லை. உங்கள் குரல் அம்மா குரல் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அம்மாவைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் முன்னாலேயே பதிவை அழித்தேன்.

அதற்குப் பிறகு திட்டு நின்றது. ஒரே குக்கரில் எல்லோருக்கும் கடை அரிசி. கரண்ட் போனால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். என்னிடம் எல்லாம் சைகைதான். சாப்பிட வா என்பதற்கு ஒரு தலையசைப்பு, நூல் தீர்ந்துபோனால் ஒரு கை நீட்டல். பெரியம்மாவுக்கு உன் மேல் இப்போது பாசம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். நான் கடை அரிசிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போயிருந்தது. தறிகள் நின்றுவிட்டன. பெரியம்மா அடுப்படியில் இருந்தாள். காய்ச்சி இறக்கிய பால் மேடையில் இருந்தது. அவள் பார்க்கும்போதே பாத்திரத்தைக் கையால் தள்ளிவிட்டேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தரையெல்லாம் பால்.

அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கரித்துணியை எடுத்து உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"திட்டுங்க பெரியம்மா" என்றேன். அம்மா செத்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. "ஏதாச்சும் சொல்லித் திட்டுங்க."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தாள்.