கலா கைக்கு நான் செஞ்ச நொரை சோப்பு

இன்னிக்கு மத்தியானம் எங்க ஊட்ல ஒரே சந்தோஷம்! காரணம் இன்னான்னா... சோப்பு நொரை.

சிரிக்காதீங்க. முழுசா படிங்க.

என் ஒய்ஃப் கலாவுக்கு கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவற வேலை.

எந்நேரமும் சோப்புத் தண்ணியிலயே கைய வெச்சுக்கினு இருந்ததுல தோலு செவந்து, வெடிச்சு, ஒரே அரிப்பு.

ஊட்டுக்கு வந்து கை கழுவவே பயம். எந்த சோப்பு பட்டாலும் "ஸ்ஸ்ஸ்"னு துடிப்பா.

"வேலைய உட்டுடவாய்யா?"ன்னு ஒருநாள் கேட்டா. அங்க கூட வேலை செய்யற பொண்ணுங்கன்னா அவளுக்கு உசுரு. எனக்கு மனசே பேஜாரா பூடுச்சு.

தோல் டாக்டரம்மா ஒரு க்ரீம் எழுதிக் குடுத்தாங்க. "வேலையில க்ளவுஸ் போடுங்க. வாசனை இல்லாத லேசான சோப்பா பாத்து யூஸ் பண்ணுங்க"ன்னாங்க.

"நானே ஊட்ல கலக்கி குடுக்கவா மேடம்?"

"குடுங்க. ஆனா அதுல கண்டதையும் போடாதீங்க."

(எங்கிட்ட போய் சொன்னாங்க பாருங்க!)

மொத தடவை, வாசனை இல்லாத குழந்தை சோப்பு ஒண்ண முழுசா துருவி, ஒரு சொம்பு சுடுதண்ணில கரைச்சேன். காலைல பாத்தா ஜெல்லி! கரண்டி நட்டுக்கினு நிக்குது.

"பிரெட்டுக்கு தொட்டுக்கலாமா?"ன்றா கலா.

ரெண்டாவது தடவை தண்ணி ஜாஸ்தி. கூடவே மஞ்சத்தூள். (மன்னிச்சுடுங்க மேடம்!) நொரையே வரல. வாஷ்பேசின் மஞ்சள், டவல் மஞ்சள், டெஸ்ட் பண்ணிப் பாத்த என் கையும் மஞ்சள்.

ஷிஃப்டுக்குப் போனா ஃபோர்மேன் கேக்கறாரு, "இன்னாப்பா, உனக்கு நலுங்கா?"

மூணாவது தடவை அடங்கிட்டேன். கால் சோப்பு, கொதிக்க வெச்ச தண்ணி, ரெண்டு ஸ்பூன் கிளிசரின். அவ்ளோதான். காலியான நொரை பம்ப் பாட்டில நல்லா கழுவி ஊத்தி, என் கைலயே மொதல்ல அமுக்குனேன்...

புஸ்ஸ்ஸ்!

வெள்ளை வெளேர்னு பொங்குது! நான் போட்ட கூச்சல்ல பக்கத்து ஊட்டுக்காரரு டவலோட ஓடி வந்துட்டாரு.

கலா கண்ண இறுக்கி மூடிக்கினு கைய நீட்னா. நொரைய வெச்சேன்.

அந்த "ஸ்ஸ்ஸ்" வரவே இல்ல.

ஒத்தக் கண்ண மட்டும் தொறந்து, "இன்னும் கொஞ்சம் வெய்யி"ன்னா!

அதுலேர்ந்து வாராவாரம் புதுசா கலக்கித் தரேன். க்ரீம், க்ளவுஸ், என் நொரை. (பேரு டாக்டரம்மாவுக்கு பாதி, எனக்கு பாதி!) வெடிப்பெல்லாம் மூடிக்கினு வருது. வேலைய உடற பேச்சே இல்ல.

இன்னிக்கு ஞாயித்துக்கெழம. இறா தொக்கு, செம காரம். இத்தினி நாளா ஸ்பூன்ல துன்னுக்கினு இருந்தவ, அத தள்ளி வெச்சுட்டு சோத்துல கைய வெச்சா.

நான் அவ கையவே பாத்துக்கினு இருந்தேன்.

பெசஞ்சு, துன்னு, அஞ்சு வெரலையும் நக்கிட்டு சொன்னா பாருங்க:

"காரம் நாக்குல மட்டும்தான்யா எரியுது!"